அடிமண் பிள்ளையார்

மலைக்காட்டில் மண் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சருகை விலக்கிக் குழி வெட்ட வேண்டும். முதல் ஒரு முழத்தில் கிடைப்பது மேல்மண். அது ஒரு துணிப்பையில். அதற்குக் கீழே கிடைப்பது அடிமண். அது இன்னொரு பையில். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு. காயவைப்பது நிழலில் மட்டும். இவ்வளவையும் சொல்கிற முறை, அந்த மண்ணைப் பிடித்துப் பிள்ளையார் செய்யக் கூடாது என்று எங்குமே சொல்லவில்லை. இருபது வருட அரசுப் பணிக்குப் பிறகு, நாற்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். விதிகளில் ஓட்டை தேடுவது இன்னும் கைப்பழக்கமாக இருக்கிறது. அந்த ஓட்டையில் நான் ஒன்பது வயதிலேயே விழுந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிம்ப்ரியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அப்பா புனேயில் ஓர் அரசு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டிப்ளமோவை முடித்துவிட்டு ஆலை வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். வேலை கிடைக்கும்வரை முன்னறை அவருடையது.

அந்த வருடம் விநாயகர் சதுர்த்திக்கு நான்கு நாள் முன்பு அப்பா மலைக்குப் போய்வந்தார். சஹ்யாத்ரியில் காட்டுக்குள் இருந்த ஒரு சிற்றூரைக் கீழே ஒரு சரிவுக்குக் கொண்டுவந்து, செங்கல் வீடுகளும் பள்ளிக்கூடமும் கட்டித் தருவதாக ஏற்பாடு. அந்தச் சரிவு வீடுகளைத் தாங்குமா என்பதை மண் சொல்ல வேண்டும். மண் சொல்வதைக் கூடம் எழுதித் தர வேண்டும். அன்று மலையில் கொட்டிய மழையில் அப்பாவால் மண்ணைக் கையில் திரித்துப் பார்க்க முடியவில்லை. நூலாகத் திரித்து வளைக்கும்போது வெடித்தால் களி குறைவு; வெடிக்காவிட்டால் களி அதிகம், மழையில் வழுக்கும். களக்குறிப்பில் அந்தக் கட்டத்துக்கு எதிரே 'கூடத்தில் பார்க்கப்படும்' என்று எழுதிவிட்டு, காலணியில் ஆளுக்குப் பாதி கனத்துக்குச் சேறு அப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஊர்ப் பெரியவரு ஒருத்தரு, 'மாத்தி சால்தே, சாஹேப்'னு நாலு தடவ சொல்லிட்டாரு. மண்ணு நடக்குமாம். மழ பெஞ்சா எந்திரிச்சு நடக்குமாம்."

"நடக்கட்டும் அத்தான்," என்றார் மாமா. "பிம்ப்ரி பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கதுக்கு நடக்கது மேலுல்லா?"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெரியவர் சொன்னது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

கூடத்தின் கொட்டகை ஒழுகியதால் இரண்டு பைகளும் வீட்டுக்கு வந்தன. அப்பா முன்னறையில் பழைய வார இதழ்களை விரித்து மண்ணைப் பரப்பினார். மேல்மண் கறுப்பாக, உதிரியாக, சருகு வாசனையோடு இருந்தது. இரண்டு நாளில் காய்ந்து பைக்குள் போனது. அடிமண்ணோ சிவந்து, பளபளவென்று, விரலை வைத்தால் விட மறுத்தது. மூன்று நாளாகியும் ஈரம் போகவில்லை. அந்த ஈரத்தோடுதான் மாமாவின் கண்ணில் பட்டது.

"ஏட்டி, இதத் தொட்டுப் பாரேன். வெண்ணெ தோத்துது போ! இந்த மண்ண விட்டுட்டு யாராவது கடையில போயிப் பிள்ளையார் வாங்குவாங்களா?"

"அப்பா வைவாங்க மாமா."

"ஒங்கப்பாவுக்கு ரெண்டு பை கணக்கு. ரெண்டு பையும் இருக்கும், கவலப்படாத. அம்மா கேட்டா மார்க்கெட்டுல பிடிச்சதுன்னு சொல்லணும், கேட்டியா?"

கேட்டுக்கொண்டேன். மாமா தொப்பை பிடித்தார், நான் காதுகளை ஒட்டினேன். தும்பிக்கை ஒரே இழுப்பில் வந்தது. கண்ணுக்குக் குன்றிமணி. அடிமண் பைக்குள் இதழ்களைக் கசக்கித் திணித்து, வாயைக் கட்டி, வெளிச்சீட்டைச் சரியாக வெளியே தொங்கவிட்டார் மாமா. முறை தெரிந்தவர்.

சதுர்த்தி அன்று பூசை முடிந்து, கொழுக்கட்டையும் தின்று முடித்தபின், மறுநாள் கொடுக்க வேண்டிய பைகளை அப்பா எடுத்தார். ஒரு பையைத் தூக்கியவர் மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"ஏல மாப்ள, இதுல இருந்த மண்ணு எங்கல?"

மாமா வாய்க்குள் இருந்த கொழுக்கட்டையை விழுங்கிவிட்டுப் பிள்ளையார் இருந்த பலகையைக் காட்டினார். "அவருதான் அத்தான்."

அப்பா திட்டவில்லை. பிள்ளையாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முதுகுப் பக்கம் ரெண்டு கைப்பிடி எடுத்துக்கிடுதேன். முன்னாலருந்து பாத்தா தெரியாது," என்றார், சாமியிடமா அம்மாவிடமா என்று புரியாத குரலில்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "ஆவாகனம் பண்ணி, பூசையும் முடிஞ்சாச்சு. இனிமே அது மண்ணு இல்ல."

"அங்க வீடு கட்டப் போறாங்க. பிள்ளைங்க குடியிருக்கப் போவுது."

"நம்ம வீட்டுலயும் பிள்ள இருக்கு. பின்னப்பட்ட சாமிய வச்சுக்கிட்டு நான் இருக்க மாட்டேன். திரும்பப் போயி எடுத்துட்டு வாங்களேன்."

திரும்பப் போவதற்கும் முறை உண்டு. பயண அனுமதிக்கு எழுத வேண்டும். முதல் மாதிரி என்னவாயிற்று என்று விளக்க வேண்டும். மலைப்பாதை வேறு மழையில் மூடியிருந்தது. நான் எடுத்த மண் மாதிரி விநாயகராகிவிட்டது என்று எந்த அதிகாரிக்கு எழுதுவது? அப்பா மறுபடியும் பிள்ளையார் பக்கம் கையை நீட்டினார். நான் ஓடிப்போய்ப் பிள்ளையாரைக் கட்டிக்கொண்டு வீடு அதிர அழுதேன். காது என்னுடையது, நான் ஒட்டியது. கன்னமெல்லாம் சிவப்பு மண்.

அப்பா கையைத் தாழ்த்திக்கொண்டார்.

பிறகு மேல்மண் பையை அவிழ்த்து, இதழ் மேல் கொட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை அடிமண் பைக்குள் போட்டார். பிரிப்பதிலும் முறை தவறவில்லை. உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. முடிச்சுப் போடும்போது நூலை என் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சந்தோஷமாகப் பிடித்தேன். என் பிள்ளையார் தப்பிவிட்டார்.

ஐந்து நாள் அவர் எங்களோடு இருந்தார். மூன்றாம் நாள் காய்ந்து, தொப்பையில் குறுக்கே வெடித்தார். மாமா ஈரத்துணியால் ஒத்தியதும் அந்த வெடிப்பு தானாக வீங்கி மூடிக்கொண்டது. அற்புதம் என்று அக்கம்பக்கத்து மராட்டிய மாமிகள் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் பவனா ஆற்றுக்குப் போனோம். வழியெல்லாம் மழை. படியில் மாமா பலகையைத் தாழ்த்தினார். இன்னும் சாய்க்கக்கூட இல்லை. நனைந்த அடிப்பாகம் வழுக்கி, உடையாமல், முழுசாக, சத்தமே இல்லாமல் பிள்ளையார் பலகையிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் போனார்.

"தானா நடந்து போயிட்டாரு!" என்று நான் கைதட்டினேன். அப்பா தட்டவில்லை.

மேல்மண்ணும் அடிமண்ணும் ஒன்றே, நீர் நன்றாக வடியும், களி குறைவு, கட்டலாம் என்று அறிக்கை போயிற்று. மரங்களை வெட்டினார்கள். சரிவை அரிந்து வீடு கட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் மலை பொறுத்தது. பிறகு ஓர் ஆடி மழையில், பள்ளிக்கூடம் இருந்த பக்கம் முழுசாக இறங்கியது. காலை நேரம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

விசாரணை வந்தது. ஓய்வு பெற்றிருந்த அப்பாவையும் கூப்பிட்டார்கள். முறைகள் அனைத்தும் பின்பற்றப்பட்டன என்று எழுதி முடித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபின் அந்தக் கோப்பை வரவழைத்துப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எண் சரி, ஆழம் சரி, கையொப்பம் சரி. கொடுத்த மாதிரியைத் திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு; என் மேசையில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் 'காரணம்' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அந்தக் கோப்பில் அது இல்லை. அப்பா கேட்கவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து, இறக்கும்வரை, அவர் எங்கள் வீட்டுச் சதுர்த்திக்கு உட்காரவும் இல்லை. அம்மா ஏனென்று கேட்கவில்லை. மாமாவுக்கு அதற்குள் நல்ல வேலை கிடைத்திருந்தது.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று ஆற்றங்கரையில் அம்மாவும் மாமாவும் முன்னால் படியேறிப் போனார்கள். அப்பா பலகையைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை விரலால் வழித்தார். உள்ளங்கையில் வைத்து மெல்லத் திரித்தார். அது நூலாக நீண்டது. நுனியோடு நுனி சேர்த்து வளைத்து, அந்த வளையத்தை என் விரலில் மாட்டினார். அப்பா எனக்கு மோதிரம் செய்து போட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கயாவது வெடிச்சிருக்கான்னு பாரு ஏட்டி."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இல்லப்பா."

"நல்லாப் பாரு. சின்னதா ஒரு கோடு? ஒண்ணே ஒண்ணு?"

மழைத் தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் எதற்காகக் கெஞ்சுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மோதிரம் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை என்று நினைத்தேன்.

"ஒரு கோடுகூட இல்லப்பா," என்றேன், பெருமையாக.