நான் சார்ஜ் போட்ட பவர் பேங்க்

நிமிடத்துக்கு முப்பத்து நான்கு மூச்சு. பேத்தியின் முதுகில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதேதான்; இருபதுக்குள் இருக்க வேண்டியது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து தினமும் ஆள் எண்ணியவன். என் எண்ணிக்கை அதிகம் தவறாது.

அவளுக்குப் பதினான்கு வயது. அவள் அம்மா, என் மகள், ரவாங் தொழிற்சாலையில் காலை ஷிப்டில் இருந்தாள். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. நானே செரண்டா கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். நர்ஸ் மிஸ்ஸி பேத்தியின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். ஒன்பது பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே அனுப்பினாள்.

டாக்டர் இளம் தமிழ்ப்பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "வேப் அடிக்கிறியாம்மா?" என்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்டுல சிகரெட் நாத்தமே கெடையாது டாக்டர். பொம்பளப் புள்ளகிட்ட கேக்குற கேள்வியா இது?"

டாக்டர் பேத்தியைப் பார்த்தாள். பேத்தி என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

பையில் அவளுடைய பவர் பேங்க் இருந்தது. ஊதா நிறம், விரல் நீளம். "போனுக்கு சார்ஜ் ஏத்துறது தாத்தா" என்று பதினோரு நாளுக்கு முன் தந்தாள். தினமும் மாலை நாற்பது நிமிடம் சார்ஜ் போட்டு, மறக்காமல் அவள் பைக்குள் வைத்தவன் நான். மாம்பழ வாசனை வரும். இப்போதெல்லாம் எதற்குத்தான் வாசனை போடவில்லை என்று விட்டுவிட்டேன். அன்று அவள் போன் அணைந்துவிடக் கூடாதே என்று கையோடு எடுத்து வந்திருந்தேன்.

மேசைமேல் வைத்தேன். "இது என்னா டாக்டர்?"

"வேப்தான் ஐயா, பேட்டரியில ஓடுற சிகரெட்டு. யாரு சார்ஜ் போட்டது?"

"நான்தான்."

"தாத்தாவுக்குத் தெரியாது டாக்டர்," பேத்தி இருமலுக்கிடையில் சொன்னாள். "அவரு சும்மா கரெக்டா போட்டுக் குடுப்பாரு லா."

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"எத்தன நாளா இழுக்குற?" என்று அவளைக் கேட்டாள் டாக்டர்.

"மூணு மாசம்."

அந்த ஊதாப் பொருளை டாக்டர் இழுப்பறைக்குள் போட்டாள். பேத்தியின் மூக்கையும் வாயையும் மூடி மருந்து ஆவி வைத்தார்கள். நான் மூச்சை எண்ணினேன். முப்பத்திரண்டு. முப்பது. பேத்தி முகமூடியைத் தூக்கினாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா."

"மூடிய எடுக்காத. சொல்லாம எப்படிம்மா?"

"அடிப்பாங்க."

"எனக்கும் ஏச்சு இருக்கு. சார்ஜ் போட்டவன் நான்தானே."

அவள் மூடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு மூடிக்குள்ளிருந்து, "நானே சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க" என்றாள்.

மணி பத்தே முக்கால். மகளுக்கு ஷிப்ட் முடிவது மூன்றுக்கு. மறுபடி முதுகில் கை வைத்தேன். இருபத்தெட்டு.