நினைவுக் கல்லில் சிவப்புப் பெயின்ட்

சுவரில் கிறுக்கியதை அழிக்கிறவனின் வேலை நன்றாக முடிந்தால், அங்கே வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. என்னைப் போலக் கழுவித் துடைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொன்றியலில் எனக்கும் என்னோடு வேலைசெய்யும் அருளண்ணைக்கும் இதுதான் தொழில். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிப் பூங்கா ஒன்றில், நாசிகள் கொன்ற யூதர்களுக்காக ஒரு நினைவுக் கல் நிற்கிறது. அதைக் கழுவப் போன நாள் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கொஞ்சம் பொறுங்கள்

கல்லின் மேல் சிவப்புப் பெயின்டில் நாசிச் சின்னம். முதலாளி போனில் "உடனே அழி" என்று அவசரப்படுத்தினார். தண்ணீர் அடிக்கும் மெஷினைப் பூட்டும்போது, கல்லைப் பராமரிக்கும் யூதப் பெண்மணி மதாம் மிரியம் குறுக்கே வந்து நின்றார். கல்லில் வெட்டியிருந்த பெயர்களில் அவருடைய தாய்வழி உறவுகளும் இருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்களாம்; அவர்கள் பார்த்த பிறகு கழுவலாமாம்.

"உங்களுக்கு வலிக்காதா?" என்று கேட்டேன்.

"வலிக்கும்," என்றார். பிள்ளைகள் வந்ததும் கல்லைக் காட்டிச் சொன்னார்: "கல்லில் வெட்டியிருப்பது அன்று நடந்தது. பெயின்ட் நேற்று நடந்தது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்."

கோப்பி ஆறும்வரை

எதிரே டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகன் எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்தார். "கல் இல்லாட்டி கிறுக்கலும் இல்லை. ஏன் இந்தக் கரைச்சல்?" என்றார்.

பிள்ளைகள் போனதும் கழுவத் தொடங்கினோம்; பெயின்ட் கரையக் கரைய அடியில் வெட்டியிருந்த வரிகள் தெரிந்தன. முதலில் யூதர்களின் கடைகளில் வாங்காதே என்றார்கள் நாசிகள். பிறகு அந்தக் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தார்கள். பிறகு ஆட்களையே கொண்டுபோனார்கள். யோகன் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். கோப்பி ஆறும்வரை அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். போகும்போது சொன்னார்: "கடை பூட்டினாலும் இனி வாசல் லைட்டை அணைக்கமாட்டன். வெளிச்சம் கல்லில விழட்டும்."

ஒரு பகிடி

மன்னார்க்காரரான அருளண்ணை தங்கமான மனிதர். ஆனால் யூதர்களையும் காசையும் சேர்த்து ஒரு பகிடி வைத்திருந்தார். வேலைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்த வெறுப்பு முதலில் துவக்கும் குண்டுமாக வருவதில்லை, பகிடியோடுதான் வரும் என்று மதாம் அன்று பிள்ளைகளுக்குச் சொன்னதை, அண்ணை பிரஷ்ஷும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூட வேலைசெய்யும் ஒருவன் அதே பகிடியைத் தொடங்கினான். அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "உந்தப் பகிடியை விடு தம்பி. பிறகு அது கல்லில ஏறினால் நாங்கள்தான் கழுவவேணும்."

வேலை கூடவேண்டும் என்றுதான் எந்தத் தொழிலாளியும் வேண்டிக்கொள்வான். அந்தக் கல் இப்படியே படிப்பித்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு வேலை குறையும், குறையட்டும்.