அலமாரிக்குள் ஓர் அழுகை

பத்து வருடமாக எஃப்.எம். விளம்பரங்களில் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு சிரிப்பு, பல்பொடிக்கு ஒரு சிரிப்பு. ஒரு தடவையாவது அழ விடமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவளுக்குச் சென்னையிலிருந்து ஓர் ஒலிநாடக வாய்ப்பு வந்தது. கணவனைப் பறிகொடுத்தவள் வேடம், கதாநாயகியே அவள்தான். தேர்வுக்கு அழுது காட்டி, மறுநாள் மதியம் பன்னிரண்டுக்குள் பதிவை அனுப்ப வேண்டும்.

எங்கள் மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் எனக்கு ஸ்டுடியோ என்பது துணி அலமாரி. உள்ளே ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, மைக்கை வைத்து, குந்திக்கொண்டு பேசுவேன். மறுநாள் காலையிலிருந்தே ஜீப் ஹாரன், சேவல், தண்ணீர் மோட்டார். உயிரை வாங்கிவிட்டன. பதினோரு மணிக்கு எல்லாம் ஓய்ந்தது. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் கணவர் காலை பஸ்ஸிலேயே சேலம் போயிருந்தார். இதைவிட்டால் நேரமில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினேன். நன்றாக வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களை மறந்தே போனேன். எங்கள் பக்கம் சாவு அழுகை கேட்டால் போதும், பறித்த பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். யார், என்ன என்று விசாரிப்பதெல்லாம் அழுது முடித்த பிறகுதான். அலமாரிக் கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டு, "அய்யோ சாமி, மலையெறங்கிப் போன மகராசன் திரும்பி வரலையே!" என்று ஆரம்பித்தாரே பாருங்கள். பின்னாலேயே பத்துப் பெண்கள்.

"அக்கா, யாரும் சாகலைங்க! இது நாடகமுங்க!"

"பெனாத்துது பாரு, பாவம்" என்றாள் ஒருத்தி.

மைக் ஓடிக்கொண்டே இருந்தது. கணவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் பேசவைத்து, அவர்களை நம்பவைப்பதற்குள் மணி பதினொன்று ஐம்பது. அதோடு போனார்களா? "சாவுக்குன்னு அழுதுட்டு அப்படியே போயிச் செடியத் தொடக்கூடாதுங்க" என்று ஆளாளுக்கு என் வீட்டுக் கொல்லையிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கிளம்பினார்கள். அதற்காக மோட்டாரையும் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நிஜமாகவே ஒரு சாவு விழுந்திருக்கும். வேறு வழியில்லாமல் அந்தப் பதிவையே அனுப்பினேன்.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க வாய்ஸ் ஓகே. ஆனா 'மலையெறங்கிப் போன மகராசன்'னு கூட ஒருத்தங்க அழுதாங்களே, அவங்க யாரு? கதாநாயகிக்கு அவங்கதான் வேணும். கிடைக்கலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

பத்து வருடம்! தொண்டைக்குச் சுக்கும் மிளகும் தின்றது நான். பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை, சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா அடுப்பிலிருந்து நிமிரவில்லை. "அதெல்லாம் எனக்கு வராது கண்ணு. ஆளு சாவாம எப்படி அழுவறது?"

"காலையில மட்டும் எப்படிங்க அழுதீங்க?" என்றேன் எரிச்சலாக.

"நெசமாவே போயிட்டாருன்னுதான நெனச்சேன். இனி இந்தப் புள்ள தனியா என்ன பண்ணுமோன்னு இருந்துச்சு. அழுவ வந்துருச்சு."