ஆற்றிய தேத்தண்ணியும் கறுப்பு உருண்டையும்

என் நோய் கரியில் தொடங்கியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போனதும், நான் சாம்பலைக் கிளறி ஆறிய கரித்துண்டுகளைப் பொறுக்கித் தின்பேன். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. அன்றைக்கு என்னவோ அது வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

பிறகு வயிறு உப்பியது. கைகால் குச்சியானது. மூக்கு அரித்தது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தேன். இரத்தசோகை (இரத்தம் குறைந்து உடல் வெளிறிப்போவது) என்ற பெயரெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பூச்சி.

“பூச்சி இல்லாத புள்ள எங்க இருக்கு பாக்கியம்? பூச்சி இருந்தாத்தான் சோறு செரிக்கும் லா” என்றாள் பக்கத்து வீட்டு மாரியக்கா.

அம்மா என் சட்டையை இழுத்து வயிற்றை மூடினாள். எனக்கு மூத்தவன் இதே மாதிரி வயிறு உப்பித்தான் செத்தான். குடலடைப்பு (புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்துவிடுவது) என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவனைப் புதைத்த கையோடு பெற்ற பிள்ளை நான். என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகம் மாறும். அது எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில், ஜாசின் பக்கம். வெள்ளைக்காரர் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்களில் இருந்தவர்களையெல்லாம் ஒரே இடத்தில் அடைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் மருந்தும் போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. இத்தனை குடும்பமும் எங்கே வெளிக்குப் போகும் என்று யாரும் கவலைப்படவில்லை. இருந்த கக்கூஸ் குழிகள் நிரம்பின. மழை பெய்தால் நுரைத்து வழிந்தன. பிள்ளைகள் வேலியோரம் குந்தினோம். கோழிகள் கிளறின. அதே மண்ணில் பல்லாங்குழிக்குக் குழி தோண்டி, அதே கையால் சோறு தின்றோம்.

உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். மண்ணிலிருந்து கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் வரும். அதாவது, பிறர் மலத்தைத் தின்றுதான் எனக்கு நோய் வந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வழியிருந்தால் சொல்லியிருப்பேன்.

தோட்டத்து டிரெஸ்ஸர் (சிறு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்) கண் இமையை இழுத்துப் பார்த்தார். “பூச்சி மருந்து தீந்துபோச்சும்மா. லாரி வரணும். சடக்குல சுடுறானுங்க, லாரிக்காரன் வர மாட்டேங்கிறான்” என்றார். சடக்கு என்றால் எங்களுக்குச் சாலை. விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார். குடித்தேன். பேதியானது. வயிறு அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை பஸ்ஸில் ஜாசினுக்கு அழைத்துப் போனாள். பசாருக்குப் பின்னால் ஒரு சீன மருந்துக்கடை. பழைய வேரும் பூஞ்சணமும் கலந்த வாடை. கடைக்காரர் என் சட்டையைத் தூக்கி, தர்பூசணி வாங்குவதுபோல வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஒரு புட்டியிலிருந்து கறுப்பு உருண்டைகளை எடுத்தார். குண்டுமணி அளவு. இளைத்த பிள்ளையைத் தேற்றும், புழுவையும் இறக்கும் என்று மலாயில் விளக்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டாள். வரிவரியான கொட்டை ஒன்றைக் காட்டினார். அது ரங்கூன் மல்லிக் கொடியின் விதை. கொட்டைப்பாக்கைக் காட்டினார். முளைவிட்ட தானியம், கசப்பு வேர். கடைசியாக, இவற்றையெல்லாம் பிசைந்து உருட்டுவது எதில் என்று சாதாரணமாகச் சொன்னார்: “ஹம்படு பாபி.”

பன்றிப் பித்து, அதாவது பித்தநீர். எங்கள் வீட்டில் பன்றி சேர்ப்பதில்லை. “சீ, பன்னியா!” என்று அங்கேயே கத்திவிட்டேன்.

“வாய மூடு” என்றாள் அம்மா. “அப்பா காதுல விழக்கூடாது.”

கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்: “பெருத் கோசோங். தே பானாஸ் தாபோலே.” வெறும் வயிற்றில் கொடு, சூடான தேநீர் கூடாது. அம்மா நன்றாகவே தலையாட்டினாள்.

தோட்டத்து கேட்டில், உள்ளே போனாலும் சோதனை, வெளியே போனாலும் சோதனை. சீன மருந்தைக் கண்டால் எந்தச் சீனன், எதற்கு, யாருக்கு என்று கேள்வி நீளும். கேள்வி கேட்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன சிலர் பல நாள் திரும்பவில்லை. அம்மா பொட்டலத்தைக் கொண்டைக்குள் வைத்து முடிந்திருந்தாள். சோதனைக்காரி மாராப்பைத் தடவினாள், மடியைத் தடவினாள், கொண்டைக்குக் கை நீட்டினாள்.

“பேனு தாயி, அள்ளி எறியுற அளவுக்குக் கெடக்கு” என்றாள் அம்மா. அந்தக் கை சட்டென்று பின்னுக்குப் போனது. அருவருப்புக்கு நான் நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது.

மறுநாள் விடியலில், தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறிய உருண்டைகளை அம்மா என் வாயில் போட்டாள். நாக்கில் பட்டதும் அந்தப் பித்தின் கசப்பு மூளைவரை ஏறியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் விடவில்லை. தேத்தண்ணியைக் கொடுத்துத் தள்ளினாள்.

ஆம், தேத்தண்ணிதான். தோட்டத்தில் வெறும் வயிறு என்றால் சோறு இறங்காத வயிறு. பெரட்டுக்கு (விடியலில் ஆள் கணக்கெடுப்பு) போகுமுன் குடிக்கும் தேத்தண்ணியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சூடாக இருக்கக் கூடாது என்றாரே? அதனால்தான் அம்மா இரண்டு குவளையில் நுரை பொங்க ஆற்று ஆற்றென்று ஆற்றிக் கொடுத்தாள். சொன்னதை ஒழுங்காகச் செய்ததாகத்தான் அவள் எண்ணம்.

கொஞ்ச நேரத்தில் விக்கல் பிடித்தது. நிற்கவே இல்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் உடம்பு பாயிலிருந்து எழும்பி விழுந்தது. தலை சுற்றியது. பிறகு வாந்தி. வாந்தியோடு தொண்டையில் ஏதோ வழுவழுப்பாக ஏறி, பாதி வழியில் நின்று, நெளிந்தது. மூச்சு முட்டியது. அம்மா என் வாய்க்குள் வெறும் விரலை விட்டு அதைப் பிடித்து இழுத்தாள். இளஞ்சிவப்பு நிறம், மண்புழுவைவிட நீளம். தகரத் தட்டில் போட்டாள். அது அங்கேயும் நெளிந்தது.

மாரியக்கா அலறினாள். யாரோ டிரெஸ்ஸரைக் கூட்டிவந்தார்கள்.

“என்னம்மா குடுத்தே?” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். சொன்னால் அவளைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். கொண்டையை அவிழ்த்துப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஜாசின்ல சீனன் கடை மருந்துங்கய்யா. என்னை என்ன வேணா செய்யுங்க. புள்ளய மட்டும் பாருங்க.”

அவர் உருண்டையை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். தட்டில் கிடந்ததைப் பார்த்தார். “எதோட குடுத்தே?”

“தேத்தண்ணி. ஆத்தித்தான் குடுத்தேன்.”

“தேத்தண்ணி கூடாதுன்னு அவன் சொல்லலியா?”

“சூடு கூடாதுன்னுதானே சொன்னான்!” என்றாள் அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரெஸ்ஸர் கொதித்து ஆறிய நீரில் குளுக்கோஸ் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். பொழுது சாயும்போது விக்கல் அடங்கியது. போகும்போது பொட்டலத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

“என் மருந்து எப்ப வருமோ தெரியாது. இது வேலை செய்யுது. பாதி அளவு போதும், ஆறுன தண்ணியில குடு. விக்கல் வந்தா நிறுத்திடு. நான் ஒண்ணையும் பாக்கல.”

விக்கல் வரவில்லை. மற்றவையெல்லாம் கீழ்வழியாக வந்தன. அம்மா தினமும் ஒரு குச்சியால் என் மலத்தைக் கிளறிப் பார்ப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைப் பிடித்து நிற்பேன். “இருக்குடி” என்பாள். சுண்ணாம்பு தூவிப் புதைப்பாள். கரி ஆசை போனது. ஒரு நாள் வெறும் சோறும் கருவாடும் கேட்டு வாங்கித் தின்றேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் போய்க் கறுப்பு உருண்டை கேட்காதீர்கள். இன்று கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் பித்தும் இல்லை, பேனும் இல்லை. நானும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுத்தேன். அதோடு மருந்து மட்டும் போதாது. எனக்கு அடுத்த மழைக்காலத்தில் புழு மறுபடி வந்தது. அதற்கடுத்தும் வந்தது. என்னைக் குணப்படுத்திக் குணப்படுத்தி அதே மண்ணில்தானே விட்டார்கள். அந்த வேலியையும் அந்தக் குழிகளையும் நினைத்தால் எனக்கு இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவசரகாலம் முடிந்ததாக வானொலியில் சொன்னார்கள். அதற்கு முன்பே எங்கள் வேலியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அதன்பின் வெளிக்குப் போவதென்றால் மரங்களுக்கு அப்பால் வெகுதூரம் போய்வந்தோம். எங்களுக்கு அவசரகாலம் முடிந்தது ஏதோ ஒரு காலையில். அம்மா என் பின்னால் குனிந்து கிளறினாள். மறுபடி கிளறினாள். “ஒண்ணுமில்லடி” என்றாள். நம்பாமல் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அந்தக் குச்சியை வேலி இருந்த இடத்தைத் தாண்டி வீசி எறிந்தாள்.

இப்போது பாயா ரும்புட்டில் என் வீட்டில் ஓடு பதித்த கழிவறை. வெள்ளைப் பீங்கான், வாசனைச் சோப்பு. ஆனாலும் ஒரு நாளும் திரும்பிப் பார்க்காமல் நான் தண்ணீர் விட்டதில்லை. குனிந்து பார்க்கிறேன், அருவருப்போடு, நன்றாகவே பார்க்கிறேன். பிறகு அம்மாவின் குரலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: “ஒண்ணுமில்லடி.”