ஓர் அடிக்குறிப்புக்காக அலைந்தது

கட்டுரை எழுதுகிறவனுக்குப் பேனா தேய்கிறது, சான்று தேடுகிறவனுக்குச் செருப்பு தேய்கிறது. அடிக்குறிப்பு போட்டு அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் படித்தேன். பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். காஞ்சிபுரம் நெசவாளர்களுக்கு அந்தக் காலத்தில் கோயில் நிலம் கொடுத்தார்கள் என்று நிரூபிப்பதாகச் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு! ஒரு சான்று பொய்த்தாலும் புரொபசர் கட்டுரையைத் திருப்பிவிடுவார். அப்புறம் பட்டமும் கிடையாது, எனக்காகப் பேசி வைத்திருந்த வாத்தியார் வேலையும் கிடையாது.

பூச்சி தின்ற வரி

சின்ன காஞ்சிபுரத்தில் ஓர் ஐயங்கார் சுவாமியிடம் கோயில் வழக்கங்களைச் சொல்லும் ஓலைச்சுவடி இருந்தது. நெசவாளர் நிலத்தைப் பற்றி அதில் ஒரு வரி. எனக்கு வாயெல்லாம் பல். அவரோ, அது பிரதிதான், மூலம் திருப்புட்குழியில் மைத்துனர் வீட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டு வாரும் என்றார். சித்திரை வெயிலில் நடந்து போனேன். மூலத்தில் சரியாக அந்த வரியைப் பூச்சி தின்றிருந்தது.

திரும்பி வந்து, "உங்கள் பிரதியே போதுமே சுவாமி, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கெஞ்சினேன். அவர் சுவடியைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு வந்தார். "பிரதி பண்ணினவர் பார்த்து எழுதினாரா, யூகிச்சு எழுதினாரான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொன்னா உமக்குக் கட்டுரை, எனக்குப் பாவம்."

மேலே ஏறிய எழுத்து

மிச்சம் இருந்தது கல்வெட்டு. ஒரு பழைய கோயிலின் சுவர் முன்னால் மூன்று நாள் முழங்காலில் நின்றேன். கிடைத்தேவிட்டது. நெசவாளர்களுக்கு நிலம் விட்டதாகவே வாசகம் ஓடியது. அந்தப் பக்கம் வந்த பிள்ளையார்பாளையத்து நெசவாளி முனுசாமியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவருக்கும் ஏக சந்தோஷம். அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாத மனிதர், ஆசையாக வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கல்லோடு கல் சேரும் இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, இங்க வரி மேல ஏறிக்கினு போவுது பாரு. ஒரே கை எழுதினா இப்படி ஏறாது." சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் பிசகு பார்த்துப் பழகிய கண் அது. என்றைக்கோ திருப்பணி செய்தபோது கற்களைப் பிரித்து, இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். எழுத்துப் படித்த எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் அவரே வந்து, வரிகளின் இடைவெளிக்கு நூலில் முடிச்சுப் போட்டு அளந்து, மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த சரியான கல்லைக் காட்டினார். சேர்த்துப் படித்தேன். நிலம் விளக்கெரிக்க விட்டது. நெசவாளர்கள் வெறும் சாட்சிகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்கள் ஆட்களுக்கு வந்த பெருமையை நீங்களே கெடுத்துவிட்டீர்களே" என்றேன்.

"குடுத்திருந்தா எனக்கும் சந்தோசம்தான்பா. கல்லு அப்படிச் சொல்லலியே."

யார் சொன்னது?

நிலம் கொடுத்ததற்குச் சான்று இல்லை, கற்கள் மாறிக் கிடக்கின்றன என்று கட்டுரையைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். "கல் மாறியது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார் புரொபசர். முனுசாமி பெயரைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ரயிலேறி வந்து, முனுசாமியை வரவழைத்து, இரண்டு கல்லையும் அதே நூலால் தானே அளந்தார். அளந்து முடித்தவர் முனுசாமியைக் கும்பிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அடிக்குறிப்பில் இவர் பெயரைப் போடு" என்றார்.

முனுசாமி தலையை ஆட்டினார். "என் பேரு மட்டும் போட்டா தப்புங்க ஐயா. மடப்பள்ளி பின்னால இப்படி ஒரு கல்லு இருக்குதுன்னு எனக்குச் சொன்னது பிராகாரம் பெருக்குற பொன்னம்மா. அது பேரை மொதல்ல போடுங்க."

இரண்டு பேரையும் போட்டேன், பட்டமும் வாங்கினேன். அவ்வளவு பேரில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதத் துணிந்தவன் பட்டத்துக்குப் படித்த நான் ஒருவன்தான் என்பதை மட்டும் எந்த அடிக்குறிப்பிலும் போடவில்லை.