பூவம்மா கொடுத்த சுத்தத் தண்ணீர்

வியாசர்பாடியில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பூவம்மாவின் கன்றுக்குக் கழிச்சல், எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவர் பெர்சிஸ், கொட்டகைச் சாக்கடைத் தண்ணீர் ஒரு பாட்டில் கேட்டார். டாக்டரம்மாவிடம் போய்ச் சாக்கடையைக் கொடுப்பதா என்று கூச்சப்பட்ட பூவம்மா, லாரித் தண்ணீரை வடிகட்டி நிரப்பினாள்.

மறுநாள் பெர்சிஸ் திரும்பி வந்தார். "அக்கா, இதுல ஒண்ணுமே இல்ல. கன்னு வயித்துக் கிருமியைத் தின்னுற வைரஸ்தான் மருந்து; அது சாக்கடையிலதான் கிடைக்கும்."

"இன்னாம்மா, மொதல்லயே சொல்லக் கூடாதா? கலீஜ் நம்மாண்ட டிரம் டிரம்மா கீது!"

அந்தச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து பெர்சிஸ் மருந்து பிரித்தெடுக்கும் வரை, பூவம்மா உப்புக் கரைசல் புகட்டியே கன்றின் உயிரைப் பிடித்து வைத்தாள். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் கன்று எழுந்து தாயின் மடியை முட்டியது. பூவம்மா அதன் சாணத்தை அள்ளித் தெருவுக்கே காட்டினாள்:

"பாருங்க, இன்னா கெட்டி!"