கூரை இறக்கிய கார்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். நான் திருவரங்குளத்தில் வீட்டு முன்னறையில் துணி தைக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிபாரம்.

போன லீவில் அவர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். மேலே பழைய காலத்து அமெரிக்கக் கார் படம். எஞ்சின் வெளியே தெரிந்தது. ஹாட் ராட் என்று பேராம். பெட்டிக்குள் கார் இல்லை. பாடி தனி, சக்கரம் தனி, சீட்டு தனி. சின்னச் சாமான்கள் எல்லாம் பிளாஸ்டிக் காம்பில் முருங்கைக்கீரை மாதிரி ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒட்ட வேண்டும். முடித்தால் கையகலக் கார்.

"யாருக்கு இது?" என்றேன்.

"எனக்குத்தான்." சொல்லிவிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தனக்கென்று அவர் வாங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான். மற்றபடி தைலம், சோப்பு, போர்வை. எல்லாம் ஊருக்கு.

அந்த லீவில் அடிச்சட்டம் ஒட்டினார். சக்கரம் மாட்டினார். பாடியை மேலே வைத்துச் சாம்பல் கலர் அடித்தார். பிறகு ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிளேடை எடுப்பார், வைப்பார். லீவு முடிந்தது.

"கூரப் பக்கம் கை வைக்காத. அதுல ஒரு வேல இருக்கு. வந்து செய்றேன்" என்று சொல்லிப் போனார்.

தையல் மிஷினுக்கு மேலே பலகையில் வைத்தேன். ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பிட்டியா என்று கேட்பார். அடுத்தது, "வண்டியக் காட்டு." காட்டுவேன். பார்த்துக்கொண்டே சோறு தின்பார்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். யூனிபாரம் கட்டுக் கட்டாக வந்தது. பலகையில் துணி வைக்க இடம் வேண்டும். காரை இறக்கி வெட்டு மேசையில் வைத்தேன். பக்கத்தில் காலர் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் கூப்பிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனேன். மேசை கொஞ்சம் சாய்வு. காருக்குச் சக்கரம் இருந்தது. உருண்டுவிட்டது.

வாடை வந்தது. பாலியஸ்டர் கருகுகிறது என்று நினைத்து ஓடிவந்தேன். கார்தான். முன்கண்ணாடிக்கு இடது பக்கம் கூரையைத் தாங்குகிற தூண் சுருங்கிப்போயிருந்தது. கூரை அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

சற்று நேரத்தில் என் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கச்சி. அடுத்த தெருவில் இருக்கிறாள். தினமும் மத்தியானம் ரவிக்கைக்குக் கொக்கி கட்ட வருவாள்.

"என்ன மதினி, கருகுன வாடை அடிக்குது?"

காட்டினேன். வாயைப் பொத்தினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"கல்யாண வீட்டுல மொறச்சுக்கிட்ட மாமன் மாதிரில்ல தலையச் சாச்சிருக்கு!"

"சிரிக்காத. ஒங்க அண்ணன் வர இன்னும் பன்னெண்டு நாளுதான்."

"சொல்லிருங்க மதினி. அங்கிட்டே அழுது முடிச்சுட்டு வரட்டும்."

போனில் எப்படிச் சொல்வது? அந்த மனுஷன் ஆசைப்பட்டது ஒன்று. அதையும் நான் பொசுக்கிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. வண்டியைக் காட்டு என்றார். வலது பக்கத்தைக் காட்டினேன்.

"அந்தப் பக்கம்?"

"அங்கிட்டு வெளிச்சம் பத்தல."

"பின்னாடி யாரு சிரிக்கிறது?"

"ஒங்க தங்கச்சிதான். இருமுறா."

போனை வைத்த பிறகு அவளை முறைத்தேன். "நானா காரச் சுட்டேன்?" என்றாள்.

அன்று ராத்திரி காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்ததும் புத்தி வந்தது. தையலில் சட்டையின் ஒரு கை தீய்ந்து குட்டையாகிவிட்டால் அதை நீட்ட முடியாது. மறுகையையும் குட்டையாக்க வேண்டும். அரைக்கை சட்டை என்று கொடுத்துவிடலாம். இங்கே ஒரு தூண் குட்டை. அப்படியென்றால் மற்ற தூண்களையும் குட்டையாக்கு.

இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். ஒரு நூல் அளவு குறைந்திருந்தது. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மார்க் போட்டேன்.

எதால் வெட்டுவது? கத்தரிக்கோல் பிளாஸ்டிக்கை நெரித்துவிடும். கருகின தூணில் பிளேடை வைத்துப் பார்த்தேன். வெடித்தது. ஜீன்ஸ் தைக்கிற முரட்டு நூலை எடுத்தேன். தூணைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்தேன். சூடேறி அறுத்துக்கொண்டே போனது. வெண்ணெயில் போகிற மாதிரி. நாத்தனார் காரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் கழுத்த அறுக்குற மாதிரி இருக்கு மதினி."

"ஆட்டாமப் பிடி."

கூரை கையோடு வந்துவிட்டது. தூண்களைக் குறைத்துப் பசை வைத்து ஒட்டினேன். நிமிர்த்திப் பார்த்தால் இன்னும் கோணல். ஏன் என்று விளங்கவில்லை. மார்க்கைப் பார்த்தேன். தையலுக்கு என்று கொஞ்சம் விட்டு வெட்டியிருக்கிறேன். இத்தனை வருஷப் பழக்கம். எதை வெட்டினாலும் கை தானாக விளிம்பு விட்டுவிடும். பிளாஸ்டிக்குக்கு ஏது விளிம்பு?

நாத்தனாரிடம் சொன்னேன். கொக்கி டப்பாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரம்தான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். பாவாடை வாங்க வந்த அம்மா ஒன்றும் புரியாமல் வாசலிலேயே நின்றது.

திரும்ப அறுத்தேன். பின்பக்கம் நூல் கோணி ஓடியது. அதற்குச் சரியாக மற்றதையும் குறைத்தேன். ஒரு நூல் குறைக்கப் போய் இரண்டு நூல் குறைந்தது. கூரை இறங்கினதும் முன்தூண்கள் கீழே இருந்த கட்டையோடு சேரவில்லை. அதே இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தள்ளிக் காட்டி லேசாகச் சாய்த்தேன். சேர்ந்தது. சந்துகளில் பசை விட்டு மேலே சோடா உப்பைத் தூவினேன். நாத்தனார் போனில் பார்த்துச் சொன்னது. கல் மாதிரி இறுகியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

பெட்டியில் இருந்த கண்ணாடி இனிப் பொருந்தாது. புதுச் சட்டையின் காலருக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதில் வெட்டி வைத்தேன். அளவாக உட்கார்ந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. சீட்டு மொட்டைப் பிளாஸ்டிக்காக இருந்தது. அரக்குக் கலர் சாட்டின் துண்டு கிடந்தது. விரல் நகத்தளவு கொசுவம் பிடித்து, பஞ்சு வைத்துத் தைத்துச் சீட்டில் ஒட்டினேன். ஓரத்துக்குக் கயிறு மாதிரிப் பைப்பிங். ரவிக்கைக்குக்கூட அவ்வளவு பொடித் தையல் போட்டதில்லை. யூனிபாரம் கேட்டு வந்தவர்களை நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன். மனசில் பயம் இருந்தது. கையில் சந்தோஷம் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சின் சாமான் தனிப் பொட்டலமாக இருந்தது. அதை மட்டும் தொடவில்லை.

முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தோம். கூரை தாழ்ந்து, கண்ணாடி இடுங்கி, புருவத்தைச் சுளித்த மாதிரி இருந்தது.

"இப்ப மொறச்சுக்கிட்ட மாமன் இல்ல மதினி. சண்டைக்கு வர்ற மாமன்" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்க வேண்டுமே.

திருச்சியில் விமானம் இறங்கி, அவர் வீடு வந்தபோது மணி பத்து. நாத்தனார் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்க்கவாம். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். பலகையைப் பார்த்தார். சொம்பு கையிலேயே நின்றது.

காரை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குப் போனார். இங்கிட்டுத் திருப்பினார், அங்கிட்டுத் திருப்பினார். தூணில் விரலை ஓட்டினார்.

நானே சொன்னேன். "இஸ்திரிப் பொட்டி பட்டு ஒரு தூணு தீஞ்சுருச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

"எதால வெட்டுன?"

"நூலால."

"நூலாலயா?"

"ஜீன்ஸ் தைக்கிற நூலு."

என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை எடுத்துத் தடவி என்னிடம் நீட்டினார். வரிசையாகக் கார்ப் படங்கள். எல்லாம் இதே மாதிரிப் பழைய கார்கள். எல்லாவற்றுக்கும் கூரை தாழ்ந்திருந்தது.

"இந்த வண்டியில கூரைய எறக்குறதுதான் வேலயே. வெட்டி எறக்குனாத்தான் மதிப்பு. நான் அதத்தான் செய்யணும்னு நெனச்சேன். பிளேட எடுப்பேன், திரும்ப வச்சுருவேன். கெட்டுப்போச்சுன்னா? அங்க ரூமுல படுத்துக்கிட்டு ரெண்டு வருசமா யோசிச்சேன்."

"அப்ப நாங்க அழுததெல்லாம் வீணா?" என்றாள் நாத்தனார்.

"நீ எங்க அழுத? போனுலயே சிரிச்சவதான."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் குனிந்து உள்ளே சீட்டைப் பார்த்தார். கொசுவத்தை எண்ணுகிற மாதிரி நேரம் எடுத்தார். சிரிப்பு குறைந்தது.

"எல்லாம் முடிச்சுட்டியா? எனக்குன்னு ஒன்னும் வைக்கலயா?"

எஞ்சின் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரிக்காத பொட்டலம். வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே சாமான் சலசலத்தது. முகம் தெளிந்தது. அப்புறம்தான் பசி என்றார்.

அந்த லீவில் வெட்டு மேசையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு பக்கம் என் யூனிபாரம். ஒரு பக்கம் அவர் எஞ்சின். எஞ்சினுக்கு வயர் வேண்டும் என்று கறுப்பு நூல் கேட்டார். எட்டு வெட்டிக் கொடுத்தேன். ஒன்று குட்டை என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஒனக்குக் கொறைக்கிறதே வேலயாப் போச்சு" என்றார்.

சாம்பலுக்கு மேலே என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டார். நாத்தனார் மஞ்சள் என்றாள். நான் கத்திரிக்காய்க் கலர் என்றேன். கத்திரிக்காய்க் கலரே வாங்கி வந்தார்.

காற்று இல்லாத காலையில் கொல்லையில் வைத்து அடித்தார். சீட்டையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, பாடியை மட்டும் ஹேங்கர் கம்பியில் மாட்டிப் பிடித்துக்கொண்டார். கப்பலுக்கு அடிக்கிற கை. கையகல வண்டிக்கு மூச்சை அடக்கி, பூ மாதிரி அடித்தார். மினுமினு என்று இருந்தது. நாளை வரை யாரும் தொடக்கூடாது என்றார்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். நான் இறக்கின கூரை. ஒரு விரலால் தொட்டேன். ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

முந்தானையால் துடைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். திருப்பி வைத்தால் தெரியாது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"இங்க வாங்க. கெடுத்துட்டேன்."

வந்தார். குனிந்து பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. இன்னொரு கோட்டு அடிக்கலாம்" என்றார். பெயிண்ட் டப்பா எங்கே என்று தேடப் போய்விட்டார்.